அப்டேட் போட்டால் கதிர்வீச்சு கூடிவிடுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 67. நான் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த ஐபோன் 12தான் அவரிடம் இருக்கிறது. “இந்த போனில் கதிர்வீச்சு அதிகம் என்று பிரான்ஸில் தடை செய்துவிட்டார்கள், கம்பெனியே ஒப்புக்கொண்டு அப்டேட் விட்டிருக்கிறது” என்று யாரோ வாட்ஸாப்பில் அனுப்பியதைப் படித்ததிலிருந்து அவர் எந்த அப்டேட்டையும் போடவிடுவதில்லை. ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. கேட்டால், “மென்பொருளால் கதிர்வீச்சைக் குறைக்க முடியும் என்றால் கூட்டவும் முடியும்தானே? அடுத்த அப்டேட்டில் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியுமா?” என்று மடக்குகிறார். போனின் முதுகில் கதிர்வீச்சைத் தடுக்கும் ஸ்டிக்கர் ஒன்றையும் வாங்கி ஒட்டியிருக்கிறார். பிரான்ஸ் கதை உண்மையா? அவருக்கு நான் என்ன பதில் சொல்வது? அலாரத்துக்காகக் கைபேசியைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறேன். அது சரியா என்றும் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

கைபேசிகளின் அலைவீச்சை அளக்கும் ஆய்வகத்தில் பல வருடங்கள் வேலை பார்த்தவன் நான். புதிதாகச் சேரும் பொறியாளர்களுக்குக்கூட உங்கள் அப்பாவின் கேள்வி சட்டென்று தோன்றாது. குறைக்க முடிந்தால் கூட்டவும் முடியும் என்பது முழுக்கச் சரி. அவர் எடுத்த முடிவுதான் தப்பு. முதலில் பிரான்ஸ் கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த வாட்ஸாப் செய்தியில் பாதி உண்மை இருக்கிறது.

பிரான்ஸில் அலைக்கற்றைகளை நிர்வகிக்கும் அரசு முகமையின் பெயர் ஏ.என்.எஃப்.ஆர். சந்தையில் விற்கும் கைபேசிகளை அது தானாகவே எடுத்துச் சோதிக்கும். அப்படி 141 கைபேசிகளைச் சோதித்ததில் ஐபோன் 12 ஒரு சோதனையில் தவறியது. 2023 செப்டம்பர் 12 அன்று அதன் விற்பனையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. அதே நாளில்தான் ஆப்பிள் ஐபோன் 15-ஐ மேடையேற்றியது, ஆகவே செய்தி உலகம் முழுக்கப் பறந்தது. தவறியது எந்தச் சோதனையில் என்பதுதான் முக்கியம். கையில் பிடித்திருக்கும்போதும் கால்சட்டைப் பையில் வைத்திருக்கும்போதும் கை, கால் தசை எவ்வளவு ஆற்றலை உறிஞ்சுகிறது என்று பார்க்கும் சோதனை அது. வரம்பு கிலோவுக்கு 4 வாட், அளவில் வந்தது 5.74. அதே போனை உடம்பிலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளி, மேல்சட்டைப் பையிலோ கைப்பையிலோ இருப்பதுபோல் வைத்துச் சோதித்தபோது அது தேறிவிட்டது. இந்த வித்தியாசம் வாட்ஸாப் செய்தியில் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இந்த “கிலோவுக்கு இத்தனை வாட்” என்பதைத்தான் எஸ்.ஏ.ஆர். என்பார்கள். ஒரு கிலோ திசு ஒரு நொடியில் எவ்வளவு அலை ஆற்றலை உள்வாங்குகிறது என்ற கணக்கு. அளக்கும் விதம் பார்க்க வேடிக்கையாக இருக்கும். மனிதத் தலை வடிவில் ஓர் அச்சு. அதற்குள் மூளைத் திசுவைப் போல மின்னியல் குணம் கொண்ட திரவத்தை ஊற்றுவோம். தண்ணீர், உப்பு, சர்க்கரை கலந்த கலவைகள் வெகுகாலம் புழக்கத்தில் இருந்தன. சர்க்கரை இருப்பதால் கெட்டுப்போகும் என்று கிருமிநாசினியும் கொஞ்சம் சேர்ப்பார்கள். வெளியே கன்னத்தோடு கன்னமாகப் போனை ஒட்டிவைத்து, அதன் முழுச் சக்தியில் அலையை உமிழவைத்து, திரவத்துக்குள் ஒரு ரோபோ கை ஊசிபோன்ற உணர்கருவியை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்தும். கை, காலுக்கும் உடம்புக்கும் தலை வடிவம் தேவையில்லை, தட்டையான தொட்டி போதும்.

சரி, 4-ஐத் தாண்டி 5.74 என்றால் ஆபத்து எல்லையைத் தாண்டியதாக ஆகுமா? இங்கேதான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள். வரம்பை நிர்ணயிக்கும் சர்வதேச ஆணையமான ஐ.சி.என்.ஐ.ஆர்.பி. கை, கால்களில் தீங்கு தொடங்கக்கூடும் என்று எடுத்துக்கொள்ளும் அளவு கிலோவுக்கு 40 வாட். அதைப் பத்தால் வகுத்துத்தான் பொதுமக்களுக்கு 4 என்று வைத்திருக்கிறார்கள். தலைக்கும் உடம்புக்கும் 20 என்று எடுத்துக்கொண்டு 2 என்று வைத்திருக்கிறார்கள். 5.74 சட்டப்படி மீறல், அதில் சந்தேகமில்லை. ஆனால் தீங்கு தொடங்கும் அளவில் அது ஏழில் ஒரு பங்குதான். இன்னொரு ஒப்பீடு: சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு தன் சொந்த வேலைக்காகவே கிலோவுக்கு ஏறத்தாழ 1 வாட் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. நடந்தால் அதைப்போலப் பல மடங்கு. எஸ்.ஏ.ஆர். சொல்லும் வெப்பமோ உடம்பு முழுக்கப் பரவுவதில்லை. போன் ஒட்டியிருக்கும் இடத்தில் பத்து கிராம் திசுவின் சராசரிக் கணக்கு அது. ஓடும் ரத்தம் அந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும்.

இதை வைத்து “அப்படியானால் பிரான்ஸ்காரர்கள் தேவையில்லாமல் ஆர்ப்பாட்டம் செய்தார்கள்” என்று நான் சொல்ல வரவில்லை. பாதுகாப்பு இடைவெளி என்று ஒன்றை வைத்த பிறகு, ஆளாளுக்கு அதில் கொஞ்சம் கடித்துத் தின்ன அனுமதித்தால் அந்த இடைவெளிக்கு அர்த்தமே இருக்காது. அந்த முகமை தன் வேலையைச் செய்தது.

இனி அந்த அளவு ஏன் கூடியது என்று பார்ப்போம். அப்பாவின் கேள்விக்கு விடை இதற்குள்தான் இருக்கிறது. ஆப்பிள் கொடுத்த விளக்கப்படி, மேஜை போன்ற அசையாத பரப்பில் போன் கிடக்கிறதா, ஆள் உடம்பை ஒட்டி இருக்கிறதா என்று கண்டறியும் உணர்கருவிகள் ஐபோன்களில் பத்து வருடங்களுக்கு மேலாகவே இருக்கின்றன. பக்கத்தில் ஆள் இல்லை என்று போன் நினைத்தால் அலையின் சக்தியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளும். கையில் எடுத்தால் குறைத்துக்கொள்ளும். இந்த ஏற்பாட்டைப் பிரான்ஸின் சோதனை முறை கணக்கில் எடுப்பதில்லை என்பதும், இது சோதனை முறை பற்றிய விவகாரமே தவிரப் பாதுகாப்புப் பிரச்சினை அல்ல என்பதும் அந்த நிறுவனத்தின் வாதம். ஆய்வகப் பக்கம் நின்று பார்க்கும் எனக்கு முகமை செய்ததும் நியாயமாகத்தான் படுகிறது. போன் எதை நினைத்துக்கொள்கிறது என்பது அளப்பவருக்குத் தேவையில்லை. தொடும் தூரத்தில் எவ்வளவு வருகிறது என்பதுதான் கேள்வி.

ஆக, ஆப்பிள் வெளியிட்ட திருத்தம் அந்தக் “கொஞ்சம் கூட்டிக்கொள்ளும்” பழக்கத்தை நிறுத்தியது. முகமை அதைச் சரிபார்த்து ஏற்றுக்கொண்ட பிறகு, அக்டோபர் மாதக் கடைசியில் ஐஓஎஸ் 17.1 (ஐஓஎஸ் என்பது ஐபோனை இயக்கும் மென்பொருள்) வழியாக அது பிரான்ஸில் உள்ள ஐபோன் 12-களுக்குப் போனது. சிக்னல் பலவீனமான இடங்களில் சில நேரம் தொடர்பு சற்று மந்தமாகலாம் என்றும் ஆப்பிள் சொன்னது. ஆகவே உங்கள் அப்பா படித்த செய்தியில் பாதி சரி. தடை உண்மை, அப்டேட் உண்மை. “கம்பெனியே ஒப்புக்கொண்டது” என்பது மட்டும் யாரோ சேர்த்துக்கொண்ட சொந்தச் சரக்கு. தடைக்குக் காரணமான அளவைக் கீழே இறக்கியதே அப்டேட்தான் என்பதை அப்பாவிடம் அழுத்திச் சொல்லுங்கள். அப்டேட்டைப் போட மறுத்த பிரெஞ்சுக்காரர் யாராவது இருந்திருந்தால், பழைய 5.74 அவருடைய போனில் அப்படியே இருந்திருக்கும். கதிர்வீச்சுக்குப் பயந்து அப்டேட்டைத் தள்ளிப்போடுவது, காய்ச்சலுக்குப் பயந்து மாத்திரையைத் தூர எறிவதுபோல.

இப்போது அவர் கேள்விக்கு நேரடியாக வருகிறேன். ஆம், கூட்டவும் முடியும். கைபேசியின் அலைச்சக்தி நிலையாக நிற்கும் ஒன்று அல்ல. டவரும் போனும் ஓயாமல் பேசிக்கொள்கின்றன. “கேட்கவில்லை, கொஞ்சம் சத்தமாகப் பேசு” என்றோ “போதும், குறை” என்றோ டவர் கட்டளையிட்டுக்கொண்டே இருக்கும். 3ஜி காலத்திலேயே இந்தக் கட்டளை நொடிக்கு 1,500 முறை போனது. டவர் அருகில் இருந்தால் போன் கிசுகிசுப்பதே போதும், தூரத்தில் இருந்தால் அதே போன் தொண்டை கிழியக் கத்த வேண்டும். ஒரே நாளில், ஒரே போனில், எந்த அப்டேட்டும் இல்லாமலே, உமிழும் சக்தி ஆயிரம் மடங்குக்கு மேல் ஏறி இறங்க வாய்ப்பிருக்கிறது. அதன் உச்சிதான் கட்டுப்படுத்தப்படுகிறது. பொதுவாக 4ஜி போன் ஒன்றின் உச்சம் 0.2 வாட்டுக்கு அருகில். பழைய 2ஜி போன்கள் 2 வாட்வரை போகும், ஆனால் எட்டில் ஒரு பங்கு நேரம்தான் உமிழும். இந்த உச்சிக்கான அட்டவணை, போனுக்குள் டவரோடு பேசும் பகுதியான மோடத்தின் மென்பொருளில் இருக்கிறது. அதை மாற்றும் வல்லமை தயாரிப்பாளருக்கு உண்டு என்று அப்பா சொல்வது உண்மை.

யார் காவல் என்று கேட்டால், ஒரு பக்கம் சட்டம் இருக்கிறது. போன் விற்பனைக்கு வரும்போது வாங்கிய சான்று, பின்னால் போகும் மென்பொருளுக்கும் பொருந்தியாக வேண்டும். இன்னொரு பக்கம் ஏ.என்.எஃப்.ஆர். மாதிரி அமைப்புகள், நிறுவனம் கொடுக்கும் மாதிரியைத் தொடாமல் கடையில் விற்கும் போனையே வாங்கிச் சோதிக்கின்றன. ஐபோன் 12 மாட்டிக்கொண்டது அப்படித்தான், அதுவும் விற்பனைக்கு வந்து ஏறத்தாழ மூன்று வருடம் கழித்து. இந்தக் காவல் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி விழித்திருப்பதில்லை என்பது என் தொழில் வாழ்க்கையில் எனக்கிருந்த மனக்குறை. ஆனால் தயாரிப்பாளர் பக்கமிருந்து யோசித்துப் பாருங்கள். சக்தியைக் கூட்டினால் பாட்டரி சீக்கிரம் தீரும், போன் சுடும், மாட்டினால் உலகம் முழுக்கச் செய்தியாகும். ரகசியமாகக் கூட்டுவதில் அவர்களுக்கு ஒரு லாபமும் இல்லை.

நீங்கள் பிரான்ஸில் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தத் திருத்தம் பிரான்ஸுக்கென்று அறிவிக்கப்பட்டது. மற்ற இடங்களில், மேஜையில் கிடக்கும்போது சக்தியைக் கூட்டும் பழைய வழக்கம் தொடர்கிறது என்று வைத்துக்கொண்டாலும் நான் கவலைப்பட மாட்டேன். காரணத்தை மேலே சொல்லிவிட்டேன்.

“கதிர்வீச்சு” என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. எக்ஸ்ரேக்கும் அணுக்கழிவுக்கும் கைபேசிக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டதால் வந்த வினை பாதி. எக்ஸ்ரே, அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்து எடுக்கும், மரபணுவை வெட்டும். கைபேசி அலைக்கு அந்த வலு கிடையாது. கண்ணுக்குத் தெரியும் பச்சை ஒளியின் ஒரு ஆற்றல் பொட்டலம், கைபேசி அலையின் ஒரு பொட்டலத்தைவிட ஒரு லட்சம் மடங்குக்கும் மேல் வலுவானது. மேஜை விளக்கின் கீழ் உட்கார யாரும் பயப்படுவதில்லை. கைபேசி அலையால் நிச்சயமாக முடிந்தது திசுவைக் கொஞ்சம் சூடாக்குவது மட்டும்.

அப்பா அடுத்து எடுத்துப்போடக்கூடிய சீட்டு, “உலக சுகாதார நிறுவனமே புற்றுநோய் வரலாம் என்று சொல்லியிருக்கிறதே” என்பது. அதன் புற்றுநோய் ஆய்வு முகமை 2011 மே மாதம் ரேடியோ அலைகளை “2பி” என்ற பிரிவில் வைத்தது உண்மை. “ஒருவேளை இருக்கலாம், ஆதாரம் போதவில்லை” என்பதற்கான பிரிவு அது. சோற்றுக்கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு உலக சுகாதார நிறுவனமே கேட்டுச் செய்யவைத்த பெரிய மறுஆய்வு 2024-ல் வெளியானது. 1994 முதல் 2022 வரை வந்த 63 ஆய்வுகளை அலசி, கைபேசிப் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை என்று முடித்தார்கள். பத்து வருடத்துக்கு மேல் பயன்படுத்தியவர்களிடமும் தெரியவில்லை. எலிகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வையும் யாராவது அனுப்புவார்கள். 2018-ல் முடிவு வந்தது, ஆண் எலிகளின் இதயத்தில் கட்டிகள் கூடுதலாகத் தென்பட்டன. அந்த எலிகளுக்கு உடம்பு முழுக்க, ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம், இரண்டு வருடம் வரை அலையைப் பாய்ச்சினார்கள். வினோதம் என்னவென்றால், அலை பாய்ந்த ஆண் எலிகள் பாயாதவற்றைவிடக் கூடுதல் காலம் உயிரோடு இருந்தன. இதை வைத்துக்கொண்டு எந்தப் பக்கமும் ஆட்டம் போட முடியாது.

எண்களைப் பற்றி இன்னொன்று, இடையில் சொல்லிவிடுகிறேன். புதிய போன் வாங்கும்போது எஸ்.ஏ.ஆர். எண்ணை ஒப்பிட்டு, 0.9 இருப்பதை விட்டு 0.6 இருப்பதை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஐரோப்பாவில் பத்து கிராம் திசுவின் சராசரியை எடுத்துத் தலைக்கு 2 என்று வரம்பு. அமெரிக்காவிலும் இந்தியாவிலும் ஒரு கிராமின் சராசரி, வரம்பு 1.6. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே கூடாது. அப்புறம், அந்த எண் முழுச் சக்தியில் எடுத்தது. நல்ல சிக்னலில் 0.9 போனைப் பயன்படுத்துகிறவர், மோசமான சிக்னலில் 0.6 போனைப் பயன்படுத்துகிறவரைவிடக் குறைவாகத்தான் வாங்குவார்.

இனி எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம். உங்கள் அப்பா ஒரு வருடத்துக்கு மேல் அப்டேட் போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பிரான்ஸ் விவகாரம் வெடித்தது செப்டம்பர் 12 என்றேன் அல்லவா? அதற்கு ஐந்து நாள் முன்பு, செப்டம்பர் 7 அன்று, ஆப்பிள் அவசரமாக ஐஓஎஸ் 16.6.1-ஐ வெளியிட்டது. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்கள் ஐபோன் மென்பொருளில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்திருந்தார்கள். போன் வைத்திருப்பவர் எதையும் தொடவோ திறக்கவோ வேண்டாம். ஒரு செய்தி வந்து சேர்ந்தாலே பெகாசஸ் உளவு மென்பொருள் உள்ளே ஏறிவிடும். அந்த ஓட்டையை அடைத்த அப்டேட்டைப் பற்றி வாட்ஸாப்பில் எத்தனை பேர் எழுதினார்கள்? ஆண்ட்ராய்டிலும் இதே கதைதான். 2015-ல் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை வெளிப்பட்டது. படமோ காணொளியோ அனுப்பும் எம்.எம்.எஸ். செய்தி ஒன்று போதும். அந்தக் களேபரத்துக்குப் பிறகுதான் மாதாமாதம் பாதுகாப்புத் திருத்தம் வெளியிடும் வழக்கத்தை கூகுள் தொடங்கியது. பெகாசஸ் மாதிரி விலையுயர்ந்த ஆயுதத்தை ஓய்வுபெற்ற ஒருவர் மீது யாரும் வீணடிக்க மாட்டார்கள் என்பது சரிதான். ஆனால் ஓட்டை ஊருக்குத் தெரிந்தபின் சில்லறைத் திருடர்களும் அதே வழியில் நுழையப் பார்ப்பார்கள். வங்கிச் செயலியும் ஓ.டி.பி.யும் அந்தப் போனில்தானே இருக்கின்றன?

அப்டேட் மீது அவருக்கு இருக்கும் அவநம்பிக்கையை மட்டும் கேலி செய்யாதீர்கள். அதற்கு நியாயமான வரலாறு உண்டு. பாட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தை அப்டேட் வழியாகக் குறைத்ததை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. போன் திடீரென்று அணைந்துபோகாமல் இருக்கத்தான் செய்தோம் என்றது, ஆனால் முன்கூட்டியே சொல்லவில்லை. பிரான்ஸில் இதற்காக 2020-ல் 2.5 கோடி யூரோ அபராதம் கட்டியது. இந்தக் கதையை நீங்களே முந்திக்கொண்டு அப்பாவிடம் சொன்னால் உங்கள் பேச்சுக்கு மதிப்புக் கூடும். கம்பெனியை நம்பச் சொல்லி அவரிடம் வாதாட வேண்டாம். அளப்பவர்களும் ஓட்டை தேடுகிறவர்களும் வெளியே இருக்கிறார்கள், அவர்கள் பிடிக்கும் தப்பைத் திருத்த அப்டேட் தவிர வேறு வழி கிடையாது என்று சொல்லுங்கள்.

ஸ்டிக்கரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது வேலை செய்யாவிட்டால் பணம் வீண். நிஜமாகவே அலையை மறைத்தால் இன்னும் மோசம், ஏனென்றால் டவருக்குக் கேட்கவில்லை என்று போன் இன்னும் சத்தமாகக் கத்தும். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் இதைச் சொல்லியே மக்களை எச்சரித்திருக்கிறது. 2021 டிசம்பரில் நெதர்லாந்தில் நடந்தது இன்னும் விசித்திரம். 5ஜி-யிலிருந்து காப்பதாக விற்ற பதக்கம், கைவளை, கண்மூடி என்று பத்துப் பொருள்களைச் சோதித்த அந்நாட்டு அணுப் பாதுகாப்பு ஆணையம், அவை தாமே கதிரியக்கம் உமிழ்கின்றன என்று கண்டுபிடித்து, அணிய வேண்டாம் என்றது. மரபணுவை வெட்டக்கூடிய அந்த நிஜக் கதிர்வீச்சு!

தலையணை விஷயத்துக்கு வருகிறேன். அலைக்காக என்றால் எனக்குக் கவலை இல்லை. அழைப்பு ஏதும் இல்லாமல் கிடக்கும் போன் எப்போதாவது ஒரு நொடி டவரிடம் “இங்கேதான் இருக்கிறேன்” என்று சொல்லிவிட்டு அடங்கிவிடும். சார்ஜ் ஏறும் போனைத் தலையணைக்கு அடியில் வைக்கிறீர்கள் என்றால்தான் திட்டுவேன். சூடு வெளியேற வழியில்லாமல் பாட்டரி கொதிக்கும், அது தீப்பிடிக்கும் சமாச்சாரம். பக்கத்து மேஜைக்கு மாற்றுங்கள், அலாரம் அங்கிருந்தும் கேட்கும். அலை குறைவாக இருந்தால் மனசுக்கு நிம்மதி என்று நினைத்தால் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், அலாரம் அதிலும் அடிக்கும்.

அப்பாவும் அப்படி ஏதாவது செய்தே தீருவேன் என்றால், ஸ்டிக்கரைவிட உருப்படியான வழிகள் இருக்கின்றன. நீளமாகப் பேசும்போது ஸ்பீக்கரிலோ இயர்போனிலோ பேசலாம், காதிலிருந்து ஒரு சாண் தள்ளினாலே தலைக்குப் போவது வெகுவாகக் குறைந்துவிடும். சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டும் இடத்தில், லிஃப்டில், ஓடும் வண்டியில் நீண்ட அரட்டையைத் தவிர்க்கலாம். இவற்றில் எதையும் நான் என் வீட்டில் செய்வதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்டேட்டை அவர் எதிரிலேயே, அவர் கையாலேயே போடவையுங்கள். முதலில் படங்களையும் தொடர்பு எண்களையும் காப்பு எடுத்துவிட்டு, சார்ஜரில் செருகி, செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் சாஃப்ட்வேர் அப்டேட். என்ன மாறுகிறது என்ற குறிப்பு அங்கேயே இருக்கும், அதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். இடைவெளி ஒரு வருடத்துக்கு மேல் என்பதால் அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம், அதற்குப் பின் ஓரிரு நாள் போன் கொஞ்சம் சூடாக இருக்கும், பாட்டரியும் சீக்கிரம் இறங்கும். உள்ளே கோப்புகளை மறுபடி அடுக்கிக்கொண்டிருப்பதால் வரும் சூடு அது. இதை முன்னாலேயே சொல்லி வைக்காவிட்டால், “பார்த்தாயா, கதிர்வீச்சு!” என்று ஆரம்பித்துவிடுவார். ஸ்டிக்கரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் கேட்டால் இரண்டுக்கும் சேர்த்து முடியாது என்பார்.